பெட்டி பெட்டியாகத் தெரிந்த புத்தகம்

“ஏழு மாசமா அந்தப் பொண்ணு என்னத்தைக் கிழிச்சுது? நான் ஒரே சாயங்காலத்துல முடிச்சுக் குடுத்தேன்ல?” பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரத்தினவேல் இப்படிக் கேட்டபோது, இந்தப் பக்கம் ஜெபமலர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதிப்பகத்தில் பக்க வடிவமைப்பு அவர் பொறுப்பு. குரல் எப்போதுமே பெரிய குரல். அதற்கு விற்பனை பார்க்கும் மகாதேவன், “விடுங்க சார், பட்டன் அமுக்குற பொண்ணு. வாயே தொறக்காது, பாவம்” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வயிறு நிறைந்தவர்கள் சிரிக்கிற சாதாரணச் சிரிப்பு. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வன்மமாகச் சிரித்திருந்தால் அவளை ஒரு ஆளாக மதித்த மாதிரியாவது இருந்திருக்கும். குழாயை மூடினால் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று மூடாமலே நின்றாள். சுத்தமான டப்பாவின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பேசினவர்கள் அவர்கள், ஒளிந்துகொண்டு நிற்பவள் நான், இது என்ன நியாயம் என்று நினைத்தபோது காதுமடல் சூடேறியது. ஆனாலும் அவர்கள் நாற்காலியைத் தள்ளி எழுந்து போகும் சத்தம் கேட்ட பிறகுதான் குழாயை மூடினாள். பாவமாம். வாயே திறக்காதாம். கிழித்தாளாம். ஆமாம், கிழிக்கத்தான் செய்தாள், மின்நூலாக்கத் தந்த புத்தகத்தின் எண்ணூறு பக்கத்தையும் வரிவரியாகக் கிழித்துத் திரும்ப ஒட்டினாள், அதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது என்பதுதான் அவள் செய்த வேலையின் கோளாறு.

இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். திரையில் மின்நூல் கடையின் பக்கம் அவள் விட்டுப்போனபடியே திறந்திருந்தது: புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், அட்டை எல்லாம் ஏற்றியாகிவிட்டது, கோப்பைச் சேர்க்கவும் என்ற இடம் மட்டும் காலி. முதலாளி ஐயா சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஏற்றிவிட வேண்டும். சாயங்காலம் வெளியீட்டுக் கூட்டத்துக்கு ஆட்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் கடையில் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும். கணினியில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுமே இ-பப் என்ற மின்நூல் வகை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சாதி. ஒன்று அவளுடையது, எழுத்தால் ஆனது. மற்றது ரத்தினவேலுடையது, ஒவ்வொரு பக்கத்தையும் படமாக எடுத்து வரிசையாக அடுக்கி மேலே இ-பப் என்று பெயர் ஒட்டியது. ஐயாவுக்குப் பிடித்தது இரண்டாவது. பட்டன் அமுக்குகிற பொண்ணு. அமுக்கினாள்தான். மறைந்த பேராசிரியரின் அந்த வரலாற்றுப் புத்தகம் முப்பது வருஷத்துக்கு முன்பு பழைய ஃபாண்ட் ஒன்றில் அடிக்கப்பட்டது. அந்த ஃபாண்டைப் போட்டுப் பார்த்தால் தமிழ், எடுத்துவிட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். கணினியைப் பொறுத்தவரை அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. அதை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றுவதற்கு ஒரு பட்டன் உண்டு, அமுக்கினால் ஒரு நிமிஷம், பிறகு வந்து விழுந்ததை இந்த ரத்தினவேல் பார்த்திருக்க வேண்டும். பஞ்சத்தைப் பற்றிய பத்தியின் நடுவில் பக்க எண் வந்து உட்கார்ந்திருந்தது. அடிக்குறிப்பெல்லாம் அடியை விட்டு மேலே ஏறி வாக்கியங்களுக்குள் புகுந்திருந்தது. வரிக் கணக்கு அட்டவணைகள் கொட்டிய புளியங்கொட்டை மாதிரி சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, எடுத்து, அதன் இடத்தில் வைத்து, இது தலைப்பு, இது மேற்கோள், இது குறிப்பு என்று கணினிக்குச் சொல்லி. கழுத்து வலிக்கிறது என்று எழுந்தால் எங்கே விட்டோம் என்பது மறந்துவிடும் என்று எழாமலே இருந்து. இப்போதும் கழுத்து வலித்தது. டப்பாவின் ஈரம் மடியில் இறங்கிக்கொண்டிருந்தது, அதை இன்னும் பைக்குள் வைக்கவில்லை என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கோமதியக்கா மட்டும் இல்லாவிட்டால் அந்த வேலையை அவளும் பட்டனோடு விட்டிருப்பாளோ என்னவோ. விடுதியில் ஒரே அறை. கோமதிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை; சங்கரன்கோவில்காரி, வரலாற்றில் எம்.ஏ., ஒரு கம்பெனியில் போன் எடுத்துப் பேசுகிற வேலை, அடுத்த மாதம் ஆசிரியர் தேர்வு. போன தடவை நூலிழையில் போயிற்று. இந்தத் தடவையும் போனால் ஊருக்கே வந்துவிடு, அண்ணன் வீட்டில் ஒரு அறை ஒழித்துத் தருகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். “அறையை ஒழிச்சுத் தாராங்களாம், நான் என்ன பழைய பீரோவா?” என்று கோமதி சிரிப்பாள். தேர்வுக்குக் கேள்வி எடுக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பேராசிரியர் புத்தகத்திலிருந்துதான் எடுப்பார்கள், அது அச்சில் மட்டும்தான் இருக்கிறது, வாசித்துக் காட்ட வருகிற கல்லூரிப் பெண் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள், அதிலும் பாதி நாள் தொண்டை கட்டியிருக்கும். ஜெபமலரின் கோப்பு அத்தியாயம் அத்தியாயமாக முடிய முடிய, கோமதி அதைத் தன் போனில் போட்டுக் காதால் படித்துப் பார்த்தாள். சரிபார்க்க ஒரு ஆள் வைத்துக்கொள் என்று ஐயாவே சொல்லியிருந்தார், யாரை என்று அவர் கேட்கவில்லை. போன் வாசிக்கிற வேகத்தை கோமதி மூன்று மடங்காக வைத்திருப்பாள். ஜெபமலருக்கு அது வண்டு டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட சத்தம்தான், கோமதிக்கோ அதில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனி. “ஏட்டி மலரு, மூணாவது அத்தியாயத்துல செத்த ராசா நாலாவதுல கல்யாணம் கட்டுதான். ரெண்டு பக்கம் மாறிக் கெடக்கு பாரு” என்பாள். பார்த்தால் மாறித்தான் கிடக்கும். அட்டை எப்படி இருக்கிறது என்று ஒருநாள் விவரித்தபோது, “அட்டையில நரி மூஞ்சி இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்ட்டி, உள்ள எழுத்து இருந்தாப் போதும்” என்றாள். உள்ளே எழுத்து இருந்தால் போதும். இவ்வளவுதானே கேட்டாள். புத்தகத்தில் எழுத்து இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமா? வந்துரும்க்கா, இந்த மாசம் கடைக்கு வந்துரும்க்கா என்று சொன்ன வாய் இந்த வாய்தான், வேறு யார் வாயும் இல்லை.

அந்த வாய் அன்றைக்கு ஐயாவின் அறையில் என்ன செய்துகொண்டிருந்தது? அதைத்தான் பதினைந்து நாளாக அவள் தனக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து சிக்குகிறது. ஐயாவிடம் ஒரு பழைய மின்நூல் ரீடர் உண்டு, அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து எப்போதோ கொண்டுவந்தது, சாம்பல் திரை, ஓரத்தில் பற்பசை மாதிரி ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கும். அதற்கு இ-பப் ஆகாது, தன் சொந்த வகைக் கோப்பைத்தான் அது சாப்பிடும். மகன் ஏதோ ஒரு இலவசத் தளத்தில் அவள் கோப்பைப் போட்டு அந்த வகைக்கு மாற்றி அனுப்பியிருந்தான். மாற்றியதில் அவள் உள்ளே வைத்திருந்த தமிழ் ஃபாண்ட் உதிர்ந்துபோயிற்று, ரீடருக்குள்ளும் தமிழ் இல்லை. ஐயா திறந்தார். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். “என்னம்மா இது, பெட்டி பெட்டியாத் தெரியுதே. ஏழு மாசம் ஆச்சே?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வருத்தமாகக் கேட்டார். சொல்லியிருக்கலாம். குறை கோப்பில் இல்லைங்கய்யா, உங்கள் கருவிக்குத் தமிழ் தெரியாது, இதையே உங்கள் போனில் திறந்து பாருங்கள். மூன்று வாக்கியம். மூன்றும் நாக்கின் அடியில் வரிசையாக நின்றன, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஒன்றுகூட வெளியே வரவில்லை. கல்லூரியில் கருத்தரங்கில் பேச எழுந்தபோதும் இப்படித்தான், அந்த மேடம் “வாயில என்ன, கொழுக்கட்டையா?” என்று கேட்டதும் முழு வகுப்பும் சிரித்தது. சிரித்தவர்களின் செருப்பு, வளையல், யார் பல்லில் கீரை ஒட்டியிருந்தது என்பது வரை இன்றைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் பேச வந்தது என்ன என்பது மட்டும் ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் பார்ப்பாள். பார்த்து என்ன? அன்றைக்கும் ஐயாவின் சட்டைப் பையில் மூடி இல்லாத பேனா கசிந்து நீலம் பரவிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள், அதையும் சொல்லவில்லை. “சரி பண்றேங்கய்யா” என்றாள். தப்பே இல்லாத இடத்தில், சரி பண்றேங்கய்யா. அந்த ஒரு சொல்லோடு தப்பு அவளுடையது ஆகிவிட்டது.

அப்புறம் ரத்தினவேல் உள்ளே புகுந்தார். எழுத்து உடைகிறது என்றால் எழுத்தே இல்லாமல் செய்துவிட்டால் போயிற்று. போன மறுபதிப்புக்காக அச்சுக்குப் போன பி.டி.எஃபிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் படமாக உருவி, வரிசையாக வைத்துக் கட்டினார், ஒரே சாயங்காலம். ஐயாவின் ரீடரில் அது அச்சுப் புத்தகம் மாதிரியே தெரிந்தது, பக்க எண் அதே இடத்தில், ஓர வெள்ளை அதே அளவில். ஐயா முகம் மலர்ந்தார். “இதான்யா புத்தகம்” என்றார். இவர்களுக்குப் புத்தகம் என்றால் பக்கம் பார்க்க எப்படி இருக்கிறது என்பதுதான். தாளில் இருந்ததை அப்படியே கண்ணாடிக்குள் போட்டுவிட்டால் மின்நூல். போனில் திறந்தால் எறும்பு சாரை போவது மாதிரி இருக்கும், விரலால் விரித்து விரித்து இடமும் வலமும் தள்ளித் தள்ளி ஒரு வரி படிப்பதற்குள் வாக்கியத்தின் தலை மறந்துபோகும், அதைக்கூட விட்டுவிடலாம், கண் இருப்பவர்கள் எப்படியோ படித்துத் தொலைப்பார்கள். நேற்று இந்த இருக்கையில் உட்கார்ந்து தன் போனில் வாசிப்புக் குரலைப் போட்டு, ரத்தினவேலின் கோப்பைத் திறந்து, காதில் மாட்டிக் கேட்டாள். முதல் பக்கத்துக்கு அது “படம்” என்றது. இரண்டாவது பக்கத்துக்கும் “படம்” என்றது. சோழர் காலத்து ஏரி, நாயக்கர் காலத்து வரி, பஞ்சம், கலகம், எல்லாமே படம். அந்தப் பெண்குரலுக்கு அலுப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. ஏழு மாசம் அதற்கு அவள் ஊட்டியதை எல்லாம் துடைத்து வைத்துவிட்ட மாதிரி படம், படம் என்றது. இவ்வளவுக்குப் பிறகும் ரத்தினவேல் கெட்டவர் இல்லை, பொங்கலுக்கு எல்லோருக்கும் கரும்பு வாங்கிவருகிறவர்தான், அதை நினைத்தபோது கோபம் குறையவில்லை, இன்னும் கூடியது. கெட்டவராக இருந்திருந்தால் ஒருநாள் திருந்தலாம். இவருக்குத் திருந்துவதற்கு எதுவுமே இல்லை, வேலையை நன்றாக முடித்துவிட்டார்.

தன் கோப்பையே ஏற்றிவிட்டால் என்ன? பெயர் ஒன்றுதான், யாருக்கும் தெரியாது. தெரியும். கடைக்கு வந்த உடனே ஐயா பழக்கம்போல ரீடரில் இறக்கச் சொல்வார், பெட்டி பெட்டியாகத் தெரியும், இந்தத் தடவை வருத்தமாகக் கேட்க மாட்டார். அப்போதும் அவள் சரி பண்றேங்கய்யா என்பாள், அது அவளுக்கே நிச்சயமாகத் தெரிந்தது, அதை நினைத்தபோதுதான் முதல் முறையாகத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. வேலை போகும். போனால் அம்மா சொந்த ஊர் நாசரேத்திலிருந்து ஒன்றும் திட்ட மாட்டாள், “ஏசில உக்காந்து செய்யுத வேலை, அதுலயும் ஒனக்கு நிலைக்கலியா” என்று மட்டும் கேட்பாள், பிறகு வீட்டுக்கு யார் யாரோ வந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போவார்கள். சரி, யாருக்கும் சொல்லாமல் கோமதிக்கு மட்டும் கொடுத்துவிட்டால்? சரிபார்த்து முடிந்ததும் கோமதி தன் போனிலிருந்து எல்லா அத்தியாயத்தையும் தானே அழித்துவிட்டாள், அவள் குணம் அது. நேற்று ஜெபமலர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, கோமதி துணி மடித்துக்கொண்டே, “திருட்டுத்தனமா எனக்கு ஒண்ணு குடுத்துட்டு, கடையில படத்த வைக்கப்போறியா?” என்றாள். “இல்லக்கா, தேர்வு இருக்கேன்னு...” “தேர்வு எனக்கு மட்டுமாட்டி இருக்கு? எங்க செட்டுலயே ஒன்பது பேரு எழுதுதோம். அவங்ககிட்ட என்ன சொல்லட்டும், என் ரூம்மேட் எனக்கு மட்டும் ரகசியமாத் தந்தாள்னா?” குரலைத் தாழ்த்தாமல், “ஒங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் கண்ணு இருக்குல்ல? ஒனக்கு வாயும் இருக்கு. எங்கிட்டப் பேசுதேல்ல?” என்றாள். கோமதியிடம் பேச முடிகிறது, அது உண்மை. ஏனென்றால் கோமதி அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. இதை யோசித்து முடிக்கும் முன்பே இது எவ்வளவு கேவலமான நினைப்பு என்று பட்டது. அப்படியும் அது உண்மையாகவே இருந்தது.

“என்ன மலரு, ஏத்தியாச்சா?” ரத்தினவேல் தோளுக்குப் பின்னால் நின்றார். ஏலக்காய் வாசனை, சாப்பிட்டதும் மெல்லுகிற ஏலக்காய். “ஏறிட்டு இருக்கு சார்” என்றாள். ஏறவில்லை. கோப்பைச் சேர்க்கவும் என்ற இடம் அவர் கண்ணுக்கு நேராகக் காலியாக இருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தார். “அட்டை எப்படி நிக்குது பாத்தியா? சும்மா கல்லு மாதிரி.” அவளுடைய மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “டென்ஷன் ஆவாத. நீயும்தான் ஒழைச்ச, இல்லன்னு சொல்லல. ஐயாகிட்ட உன் பேரையும் போடச் சொல்றேன்” என்று போனார். நீயும்தான். அந்த ‘உம்’. கீழே நகல் எடுக்கும் கடையின் எந்திரம் ஓடுகிற ஓசை தரை வழியாகக் காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஐயாவின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டது, வழக்கம்போல மேல் படியில் ஒரு இருமல். ஏறிட்டு இருக்கு சார். ஏன் அப்படிச் சொன்னாள்? பயந்துதானே. அந்தச் சிரிப்புக்கும், அந்தத் தட்டுக்கும், சட்டையில் மை கசிவதைச் சொல்வதற்கும்கூடப் பயம். போகட்டும், இந்தக் கோபம் சாயங்காலம் வரை இருக்குமா? இருக்காது. அவளுக்குத் தன் கோபத்தை நன்றாகத் தெரியும், அது விடுதிக்குப் போகிற வழியில் பஸ்ஸில் இறங்கிவிடும், அறைக்குள் நுழையும்போது தலைவலி மட்டும் மிச்சம் இருக்கும். கோமதி ‘வந்துட்டாட்டி புஸ்தகம்?’ என்று கேட்பாள். கேட்காமலும் இருப்பாள். கேட்காமல் துணி மடித்துக்கொண்டிருப்பாள். அதைவிட, அதைவிட என்று மனசு அதற்கு மேல் நகராமல் அந்தத் துணி மடிப்பிலேயே நின்றது.

“மலர், இங்க வாம்மா” என்று ஐயா கூப்பிட்டார். போனாள். ஐயா மேசைக்குப் பின்னால், மகாதேவன் சன்னலோரம், ரத்தினவேல் கதவில் சாய்ந்து. “கடைக்கு வந்துருச்சா?” “இல்லைங்கய்யா.” “ஏன், நெட் இல்லையா?” “இருக்கு.” குரல் கீச்சென்று வந்தது. அவள் பதில் சொல்லிக்கொண்டே தன் போனை மேசையின் நடுவில் வைத்தாள். “அன்னைக்கு உங்க ரீடர்ல பெட்டி தெரிஞ்சது என் ஃபைலோட தப்பு இல்லைங்கய்யா. அதுக்குத் தமிழ் வராது. அது பழசு.” ரத்தினவேல் நிமிர்ந்தார். “இது சார் செஞ்ச ஃபைல். கண்ணு தெரியாதவங்க போன்ல திறந்தா எப்படி இருக்கும்னு கேளுங்க.” விரலால் தொட்டாள். “படம்” என்றது போன். தள்ளினாள். “படம்.” மகாதேவன் சிரித்தார்: “என்னம்மா, உன் போனுக்கு ஒரு வார்த்தைதான் தெரியுமா, உன்ன மாதிரி?” யாரும் கூடச் சிரிக்கவில்லை. “அது என்ன படம் படம்ங்குது?” என்றார் ஐயா. “புத்தகம் முழுக்க இதான் இருக்கு. எழுத்து இல்ல. அடுத்த மாசம் இதை வச்சுப் பரீட்சை எழுதுறவங்க இருக்காங்க.” “அவங்களுக்குத்தான் பிரெயில் இருக்கே” என்றார் ரத்தினவேல், நிஜமாகவே குழப்பத்தோடு. “இந்தப் புத்தகத்துக்கு இல்ல சார். என் ஃபைல்தான் இருக்கு.” “படம்” என்றது போன். “படம்.” ஐயா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “சரிம்மா, புரியுது. சாயங்காலம் ஆளுங்க வந்துருவாங்க. இப்ப இத ஏத்திருவோம், மத்தத அப்புறம் பேசிக்கலாம். அத நிறுத்து.” அந்த அப்புறத்தை அவளுக்குத் தெரியும், அது வரவே வராது. “நிறுத்தும்மா” என்றார் மறுபடியும், இந்தத் தடவை சத்தமாக.

ஜெபமலர் அடுத்த பக்கத்தைத் தள்ளினாள்.